ரங்கூனில் ஒரு கையின் விலை

வலது கை முழங்கைக்கு மேலே போனால் நூற்றுக்கு 70. இடது கை அதே இடத்தில் போனால் 60. கால் முழங்காலுக்கு மேலே என்றால் 60, கீழே என்றால் 50. இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போனால் 50. ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, மற்ற விரல் ஒவ்வொன்றுக்கும் 5.

1923ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை இது. சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பர்மா (இன்றைய மியான்மர்) அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே பம்பாய்ப் பஞ்சாலைக்கும் சென்னை ரயில்வே பட்டறைக்கும் உள்ள அதே விலைப்பட்டியல்தான் ரங்கூன் துறைமுகத்துக்கும் அரிசி ஆலைகளுக்கும். அந்த ஊரின் உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை நான்கு லட்சம்; அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அவர்களில் தெலுங்கரும் தமிழரும் பெருந்தொகை.

சட்டம் கணக்குப் போட்ட விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். முழுமையாக வேலை செய்ய முடியாதபடி முடங்கியவருக்கு 42 மாதக் கூலி, அல்லது 3,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மாதக் கூலி 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,260 ரூபாய். கால் முழங்காலுக்கு மேலே போனவருக்கு அதில் 60 விழுக்காடு, அதாவது 756 ரூபாய். கட்டைவிரல் போனவருக்கு 315. தற்காலிகமாகப் படுத்துக் கிடப்பவருக்கு முதல் பத்து நாளுக்கு எதுவும் கிடையாது. இந்தத் தொகைகூடக் கைக்கு வந்து சேர்வது எளிதல்ல. ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்று சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. ஆனால் கூலியாளின் பெயர் இருந்தது மேஸ்திரியின் கணக்கில். அந்தக் கணக்கில் அவர் முன்பணம் வாங்கிய கடன்காரரும்கூட. கால் முறிந்தவர் இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போடுவதா, அடுத்த கப்பலில் ஊர் திரும்புவதா என்றால் பலருக்கு இரண்டாவதுதான் நடக்கக்கூடிய காரியம்.

இந்தப் பழைய அட்டவணையை இங்கே எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. யாங்கோன் என்று பெயர் மாறிய அந்த நகரத்தில் உடற்குறையுள்ள ஒருவருக்கு அரசிடமிருந்து மருத்துவமோ பணமோ என்ன கிடைக்கும் என்று தேடிப் போனால், அங்கே எதிர்ப்படும் முதல் கேள்வி இன்னமும் 1923இன் கேள்விதான்: யாரிடம் வேலை பார்த்தபோது உனக்கு இது நேர்ந்தது? உனக்கு என்ன தேவை என்ற கேள்வி அதற்குப் பிறகு வருகிறது. பல நேரங்களில் வருவதே இல்லை. பிறவியிலேயே கால் விளங்காத குழந்தைக்கும், சர்க்கரை நோயில் பார்வை போன வீட்டுப் பெண்ணுக்கும், முதல் கேள்விக்குச் சொல்ல விடை கிடையாது.

விடுதலைக்குப் பின் பர்மா எடுத்து வைத்த அடி நல்ல அடிதான். இந்தியா 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம் போட்டு 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. பர்மாவில் பிரதமர் ஊ நூவின் அரசு 1954இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, இரண்டாண்டில் ரங்கூனில் நடைமுறைப்படுத்தியது. ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். முதலாளியும் தொழிலாளியும் சந்தா கட்டுவார்கள், வாரியம் தன் மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கும், வேலையில் அடிபட்டால் பணம் தரும். ஈ.எஸ்.ஐ. பின்னால் தொழிலாளியின் குடும்பத்தையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. பணியிடத்தில் நிரந்தர ஊனம் ஏற்பட்டவருக்கு ஆயுள் முழுதும் மாதப்பணம் தருகிறது. பர்மிய வாரியம் 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு வளராமல் நின்றுவிட்டது.

இப்போது நடப்பில் இருப்பது 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். தொழிலாளி கூலியில் 2 விழுக்காடு, முதலாளி 3 விழுக்காடு. முதலாளியின் மூன்றில் ஒன்று பணியிட விபத்துக்கான நிதிக்குப் போகும். சந்தா கணக்கிடும் கூலிக்கு உச்சவரம்பு மாதம் 3,00,000 கியாட்.

லைங்தாயா தொழிற்பேட்டையில் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2018இல் குறைந்தபட்ச நாட்கூலி 4,800 கியாட் என்று நிர்ணயித்தார்கள். மாதத்துக்கு முப்பது நாள் கணக்கில் 1,44,000. அதில் அவர் கட்டும் சந்தா 2,880 கியாட். வேலையில் கை நசுங்கி வீட்டில் இருக்க நேர்ந்தால் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, மாதம் சுமார் ஒரு லட்சம் கியாட், ஓர் ஆண்டு வரை கிடைக்கும். ஊனம் நிரந்தரமானால் எத்தனை விழுக்காடு இழப்பு என்று கணித்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பணம் வரும். கணிப்பில் பழைய அட்டவணையின் நிழல் தெரிகிறது. வைத்தியத்துக்கு வாரியத்தின் மருந்தகங்கள் உண்டு, தாம்வே பகுதியில் தொழிலாளர் மருத்துவமனை உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நகரின் மேற்கு விளிம்பிலிருந்து இரண்டு பேருந்து மாறித் தாம்வேக்குப் போய் வரிசையில் நிற்பதைவிடத் தெருமுனைத் தனியார் மருந்தகத்தில் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்வது லாபம் என்று அந்தப் பெண் நினைத்தால் குறை சொல்வதற்கில்லை.

அந்தப் பெண்ணுக்கே வேலையில் இல்லாமல் வீட்டுப் படிக்கட்டில் விழுந்து முதுகெலும்பு முறிந்தால்? காச நோய் முதுகுத்தண்டைத் தின்றால்? 2012 சட்டத்தில் அதற்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. உழைக்க இயலாமல் போனோர்க்கான பயன், முதுமை ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எழுதியதோடு சரி. சட்டம் அமலுக்கு வந்து ஆண்டுகள் பல ஓடியும் அந்தப் பகுதியைத் தொடங்கவே இல்லை. மருத்துவம், மகப்பேறு, ஈமச்செலவு, பணியிட விபத்து ஆகியவை மட்டும் ஓடுகின்றன. இந்த ஒரு செய்தி தெரியாமல் சட்டத்தை மட்டும் படித்தால், மியான்மரில் எல்லாம் இருக்கிறது என்று நம்பிவிடலாம். வாரியத்தில் சேர்ந்தவர்களே ஐந்து கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஒரு சிறு பங்கு. சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர், வீட்டு வேலை செய்பவர், டீக்கடைப் பையன், தெருவில் மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. வாரியத்தில் இல்லாத தொழிலாளிக்கு? அவருக்காக 1923 சட்டமே, பின்வந்த திருத்தங்களோடு, மியான்மர் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இப்படி வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர்? 2008-09இல் சமூக நலத் துறையும் தொழுநோய்ப் பணி அமைப்பு ஒன்றும் சேர்ந்து நாடு முழுவதும் எடுத்த ஆய்வு, மக்கள்தொகையில் 2.32 விழுக்காட்டினர் என்றது. 2014 கணக்கெடுப்பு 4.6 என்றது. 2019 இடைக்காலக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 12.8 என்றது. பத்தாண்டில் ஊனம் ஐந்து மடங்கு பெருகிவிடவில்லை. முதலில் ‘ஊனமுற்றவர் இருக்கிறாரா’ என்று பார்த்தார்கள். பிறகு பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் சிரமம் உண்டா என்று கேட்டார்கள். அதற்கும் பிறகு குளித்து உடுத்துவதையும் பிறரிடம் பேசிப் புரிய வைப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். கேள்வி மாற மாற ஆட்கள் தெரிய வந்தார்கள், அவ்வளவுதான். திட்டம் போடுகிறவருக்கு இது சங்கடமான எண். 2.32 விழுக்காட்டுக்கு நிதி ஒதுக்கத் தயங்கும் கருவூலம் 12.8க்கு என்ன செய்யும்?

2011 டிசம்பரில் மியான்மர் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் சேர்ந்தது. 2014 டிசம்பரில் சமூகப் பாதுகாப்புக்கான தேசிய உத்தித் திட்டம் ஒன்று வெளிவந்தது. எட்டு முதன்மைத் திட்டங்களில் ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை. 2015 ஜூனில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. மருத்துவம், மறுவாழ்வு, கல்வி, வேலை என்று எதையும் விடவில்லை. வேலைக்கு எடுக்காத முதலாளி நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்றுகூட எழுதினார்கள். விதிகள் 2017இல் வந்தன, தேசியக் குழுவும் அமைந்தது. தாள் அளவில் இது தமிழ்நாட்டுக்குச் சளைத்ததல்ல. இந்தியாவின் புதிய சட்டமே 2016இல்தான் வந்தது.

பணம் வரும் இடத்தில்தான் வண்டி நின்றது. அந்த எட்டில் எவை ஓடின என்று பாருங்கள். 2017இல் சின் மாநிலத்தில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை வைத்திருப்போருக்கும் உதவித்தொகை தொடங்கியது, பின் வேறு மாநிலங்களுக்கும் பரவியது. அதே ஆண்டு முதியோர் உதவித்தொகை தொடங்கியது. திட்டத்தில் 65 வயது என்று இருந்தது. நடைமுறையில் 90 வயது ஆனவருக்கு மாதம் 10,000 கியாட், அடுத்த ஆண்டு 85ஆகக் குறைத்தார்கள். தொண்ணூறு வயதில் ஓய்வூதியம் என்பதை அதிகாரிகள் சிரிக்காமல் அறிவித்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அதில் ஒரு தந்திரமும் இருந்தது. ஆட்கள் குறைவாக உள்ள இடத்தில் தொடங்கிவிட்டால் பிறகு வயதை இறக்கிக்கொண்டே வரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்தத் தந்திரம் செல்லவில்லை. வயதைப் பதிவேடு சொல்லும். ஊனத்தை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு அளவுகோல் வேண்டும், சான்றளிக்கும் குழு ஊர்தோறும் வேண்டும், அட்டை வேண்டும். தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவருக்குப் பின்னால் அரசு மருத்துவமனை முகாம், விழுக்காடு எழுதிய சான்றிதழ், மாவட்ட அலுவலகம் என்று நீண்ட ஏணி இருக்கிறது. அந்த ஏணியில் நம்மவர்கள் படும் பாடு தனிக்கதை. யாங்கோனில் ஏணியே எழும்புமுன் 2021 பிப்ரவரி 1இன் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை நாடு தழுவித் தொடங்கப்படவே இல்லை.

அட்டை என்றதும் யாங்கோன் தமிழர் நினைவுக்கு வராமல் போகாது. 1982 குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று அடுக்காகப் பிரித்தது: முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை அளிக்கப்பட்டவர்கள். மண்ணின் இனம் என்று ஏற்கப்படுவதற்கான எல்லை 1823. அதாவது முதல் ஆங்கிலப் போருக்கு முந்திய ஆண்டு. கப்பலில் வந்த கூலிகளின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் காகிதம், அப்பாவின் காகிதம், வீட்டுப் பட்டியல் என்று அடுக்கிக் காட்டி அட்டை வாங்க வேண்டும். நாடு முழுவதற்குமான நிலையே மோசம். பத்து வயதுக்கு மேற்பட்டோரில் நான்கில் ஒருவருக்கு மேல் அடையாள ஆவணம் எதுவும் இல்லை என்று 2014 கணக்கெடுப்பு காட்டியது. வீட்டைவிட்டு வெளியே போகாத, பள்ளிக்கூடம் பார்க்காத ஊனமுற்ற பிள்ளைக்கு அட்டை எடுக்க வேண்டும் என்று குடும்பத்தில் யாருக்கும் தோன்றாது. பின்னால் ஏதாவது உதவி வந்தால் அந்தப் பிள்ளை அலுவலக வாசலிலேயே நின்றுவிடும். இனமும் ஊனமும் சேர்ந்து ஒருவரைப் பட்டியலிலிருந்து எப்படி நீக்குகின்றன என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டாம்.

இன்னொரு வாசல் உண்டு, அது ராணுவத்தாருக்கு. 2008 அரசமைப்பின் 32ஆம் பிரிவு தாய்மார், அனாதைகள், முதியோர், ஊனமுற்றோர் எல்லோரையும் அரசு பராமரிக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஊனமுற்ற முன்னாள் படைவீரருக்குத் தனியாக ஓர் உட்பிரிவு வைக்கிறது: கண்ணியமான வாழ்வு, இலவசத் தொழிற்பயிற்சி. போரில் கால் இழந்த சிப்பாய்க்கு அரசு கடமைப்பட்டிருக்கிறது என்பதில் தகராறு இல்லை. அதே போரில், அதே கண்ணிவெடியில் கால் இழந்த விவசாயிக்கு என்ன என்பதே கேள்வி. 2023இல் உலகிலேயே அதிகம் பேர் கண்ணிவெடியில் சிக்கிய நாடு மியான்மர்; பன்னாட்டுக் கண்காணிப்பு அறிக்கை அந்த ஆண்டில் பதிவு செய்தது 1,003 பேரை. பதிவாகாதவர்கள் தனி.

அந்த விவசாயி செயற்கைக் கால் தேடி யாங்கோனுக்கு வந்தால் போகும் இடங்களில் ஒன்று, நகரின் வடபகுதியில் தமாயிங்கில் உள்ள தேசிய மறுவாழ்வு மருத்துவமனை. 1950களின் இறுதியில் ஊனமுற்றோர் மருத்துவமனையாகத் தொடங்கியது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1986இல் மியான்மரில் செயற்கைக் கால் பணியைத் தொடங்கியது. பா-அன் நகரில் ஒரு மையத்தையே உருவாக்கியது. பாலிபுரோப்பிலீன் தகட்டைச் சூடாக்கி, எஞ்சிய காலின் வார்ப்பின் மேல் படியவைத்துச் செய்யும் கால் அது. விலை குறைவு, மழையில் கெடாது, சேற்றில் நடக்கலாம். ஆனால் ஒரு முறை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்ற பொருள் அல்ல. பெரியவருக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வளரும் குழந்தைக்கு அதைவிட அடிக்கடி. ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணம், கூடவரும் ஆளின் கூலியிழப்பு, தங்குமிடம். கால் இலவசம், அதை வாங்கப் போவது இலவசம் அல்ல. 

நகரத்துக்குள்ளேயே இருப்பவருக்கும் போய்வருதல்தான் பாதிச் செலவு. யாங்கோன் நடுநகரின் குறுக்குத் தெருக்களில் ஆறு, ஏழு, எட்டு மாடிக் கட்டடங்கள் ஒட்டி ஒட்டி நிற்கும். பெரும்பாலானவற்றில் மின்தூக்கி கிடையாது. செங்குத்தான ஒற்றைப் படிக்கட்டு. ஒவ்வொரு மாடத்திலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கவ்வி, மேலே ஒரு மணி. பத்திரிகைக்காரர் கயிற்றை இழுத்து மணியடித்துப் பத்திரிகையைக் கவ்வியில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். பத்திரிகையும் சோற்றுப் பொட்டலமும் ஆறாம் மாடிக்குப் போக வழி கண்டுபிடித்த ஊர் அது. சக்கர நாற்காலிக்காரர் இறங்க வேண்டுமானால் இரண்டு பேர் தூக்க வேண்டும். இறங்கிய பிறகும், தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பார்க்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு அங்கே வழியில்லை; நகர்ப்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கே இருபது ஆண்டுக்கு மேலாகத் தடை. ஆக டாக்சி. மருத்துவமனையில் எல்லாம் இலவசம் என்றாலும் மாதம் இரண்டு டாக்சிப் பயணம் ஒரு தையல்காரியின் பல நாள் கூலியைத் தின்றுவிடும்.

எல்லாம் இலவசமும் அல்ல. 1993 முதல் அரசு மருத்துவமனைகளில் செலவைப் பகிரும் முறை வந்தது: மருந்து, பஞ்சு, எக்ஸ்ரே பிலிம் எல்லாம் நோயாளியே வாங்கி வரவேண்டும். 2012க்குப் பின் அத்தியாவசிய மருந்துகளை இலவசமாக்கினார்கள், சுகாதார நிதியைப் பல மடங்கு கூட்டினார்கள். அப்படியும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மக்களின் பையிலிருந்தே போயிற்று. 2030க்குள் அனைவருக்கும் மருத்துவம் என்று 2017இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. 2021இல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த இரண்டே நாளில் வேலைநிறுத்தம் தொடங்கியவர்கள் அரசு மருத்துவர்கள்தான். அவர்களில் பலர் சிறைக்கோ, தலைமறைவுக்கோ, எல்லை தாண்டியோ போனார்கள். அது அரசியல் துணிவு. அதே நேரத்தில் பிசியோதெரபிக்கு வாரா வாரம் வந்தவருக்குச் சிகிச்சை நின்ற நாளும் அதுதான். இரண்டையும் ஒன்றாகச் சொல்லாமல் யாங்கோனின் கதையைச் சொல்ல முடியாது.

அரசு இல்லாத இடத்தை அந்த நகரம் எப்போதும் வேறு கைகளால் நிரப்பிக்கொண்டிருக்கிறது. காது கேளாதோர்க்கான மேரி சாப்மன் பள்ளி 1920இல் தொடங்கியது; அதே அம்மையார்தான் அதற்கு முன் 1912இல் இலங்கையில் காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளியை நிறுவியவர். கெமண்டைனில் பார்வையற்றோர் பள்ளியை வளர்த்த பாதிரியார் வில்லியம் ஜாக்சன் தாமே பார்வையற்றவர். பர்மிய எழுத்துக்குப் பிரெயில் அமைத்துக் கொடுத்தவர். ராமகிருஷ்ண மிஷன் 1921 முதல் ரங்கூனில் நடத்திய மருத்துவமனையில் கூலிகள் காசில்லாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். 1960களில் ராணுவத் தலைவர் நே வின் அரசு அதைத் தேசியமயமாக்கியது. 1937இல் தோன்றிய முஸ்லிம் இலவச மருத்துவமனை இன்றும் நடுநகரில் மதம் பாராமல் நடக்கிறது. நடிகர் சோ தூவும் நண்பர்களும் 2001இல் தொடங்கிய இலவச ஈமச்சேவைச் சங்கம், பிணத்தைத் தூக்குவதோடு நிற்காமல் உயிரோடிருப்பவர்களுக்கு மருந்தகமும் திறந்தது. மாற்றுத்திறனாளிகளே 2011இல் அமைத்த மியான்மர் சுதந்திர வாழ்வு முயற்சி அமைப்பு, வாக்குச்சாவடிக்குச் சாய்தளம் கேட்கும் வரை போனது. யாங்கோன்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைக்குரியதுதான். ஆனால் தானம் உரிமை ஆகாது. கொடுப்பவரின் கை சுருங்கினால் கேட்க ஆணையரும் இல்லை, பிரிவு எண்ணும் இல்லை. 756 ரூபாய் கொடுத்த 1923 சட்டத்தின் ஒரே மேன்மை அதுதான். குறைந்தபட்சம் அதன் பேரில் மனுப் போடலாம்.

உதவித்தொகை, முழு மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை இன்றைய ஆட்சியிடம் எதிர்பார்ப்பது வீண். ஆனால் பெரிய பணம் இல்லாமல் தொடங்கக்கூடியவை சில உண்டு. சமூகப் பாதுகாப்பு வாரியத்தில் சந்தா கட்டியவர் எங்கே அடிபட்டாலும், எந்த நோயில் முடங்கினாலும் பயன் தரும் அத்தியாயத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது முதலாவது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி தொழிலாளர்களுடையது. கருவூலத்தின் தயவு இதற்குத் தேவையில்லை. தொழிலாளியின் ஊனமுற்ற பிள்ளையை வாரிய மருத்துவமனை ஏற்றுக்கொள்வது அடுத்தது, ஈ.எஸ்.ஐ. பல பத்தாண்டுகளாகச் செய்வது. மருத்துவத்துக்கு மட்டுமாவது குடியுரிமை அட்டைக்குப் பதிலாக வட்டார நிர்வாகியின் கடிதத்தை ஏற்பது இன்னொன்று.

கூலி உச்சவரம்பையும் பார்க்க வேண்டும். 3,00,000 கியாட் என்று நிர்ணயித்தபோது டாலருக்கு ஆயிரம் கியாட்டைச் சுற்றி இருந்தது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் வெளிச்சந்தையில் நாலாயிரத்தைத் தாண்டியது. அந்த உச்சவரம்பில் 70 விழுக்காடு 2,10,000 கியாட். அன்றைக்கு இருநூறு டாலர் பெறும், பின்வந்த விலையில் ஐம்பதைச் சுற்றித்தான் தேறும். இதற்கிடையில் நாட்கூலி 2023இலும் 2024இலும் ஆயிரம் ஆயிரமாக ஏறியதுகூட அடிப்படைக் கூலியாக ஏறவில்லை. 4,800 அப்படியே நிற்க, மேலே ‘படி’ என்று சேர்த்துக் கொடுத்தார்கள்.